வரிக் கணிப்பு லைப்ரரியை நிறுவுவதும், அதன் லொக் கோப்பை இயங்க வைப்பதும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் இதே சிக்கலோடு வருகிற மற்றவர்களுக்கும் பதில் விளங்கும். கொக்குவிலில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் உங்கள் குழு, ஸ்காபரோவில் உள்ள ஒரு கடைக்கு இணைய விற்பனைத் தளம் செய்து கொடுக்கிறது. ஒடியல் மா, பனையோலைப் பெட்டிகள், சேலைகள் ஆகியவற்றைக் கடை கனடாவின் எல்லா மாகாணங்களுக்கும் அனுப்புகிறது. வரியைக் கணிப்பதற்கு அவலாராவின் அவாடக்ஸ் சேவையைக் கடைக்காரர் தெரிவு செய்திருக்கிறார். நீங்கள் அதன் பைதன் லைப்ரரியை நிறுவி, சாண்ட்பொக்ஸ் என்ற சோதனைச் சூழலில் ஒரு கணிப்பும் எடுத்துவிட்டீர்கள். ஆனால் நிரல் செய்பவற்றைப் பதிந்து வைக்கும் லொக் கோப்பு எங்கேயும் உருவாகவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை. லொக்கில் என்னென்ன எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கோப்பு உருவாகாததற்கான காரணம் நீங்கள் அனுப்பிய நிரலின் தொடக்கத்திலேயே இருக்கிறது. "தொடங்குகிறது" என்ற செய்தியை லொக்கிங்.இன்ஃபோ மூலம் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் கோப்பின் பெயரைக் கொடுத்து, லொக்கை அமைக்கும் பேசிக்கொன்ஃபிக்கை அழைத்திருக்கிறீர்கள். பைதனில் லொக்கிங்.இன்ஃபோ, லொக்கிங்.வோர்னிங் போன்ற ஃபங்ஷன்களை நேரடியாக அழைத்தால், வேர் லொகருக்கு (எல்லாப் பதிவுகளும் வந்து சேரும் முதன்மைப் பதிவாளர்) ஹேண்ட்லர் (பதிவைத் திரைக்கோ கோப்புக்கோ எழுதும் பகுதி) எதுவும் இல்லாதவிடத்து, பைதன் தானாகவே பேசிக்கொன்ஃபிக்கை வெறுமையாக அழைத்து, திரைக்கு எழுதும் ஒரு ஹேண்ட்லரைப் பொருத்திவிடும். அதன் பின்னர் நீங்கள் அழைக்கும் பேசிக்கொன்ஃபிக், வேர் லொகரில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருப்பதைக் கண்டு, எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். அது பிழையாகக் கருதப்படுவதில்லை. ஆகவே எச்சரிக்கையும் வராது. வேர் லொகரின் இயல்பு நிலை வோர்னிங் (இன்ஃபோ போன்ற அதற்குக் கீழ்ப்பட்ட செய்திகள் எழுதப்படமாட்டா) என்பதால், உங்கள் "தொடங்குகிறது" என்ற செய்திகூடத் திரையில் தோன்றியிராது. இவ்வாறு இரண்டு அமைதிகள் ஒன்றுசேர்ந்ததால்தான் நீங்கள் லைப்ரரியில் பிழை இருப்பதாக நினைத்தீர்கள்.

உடனடித் தீர்வு எளிது. லொக் அமைப்பை ஒரு தனிக் கோப்பில் எழுதி, நிரல் தொடங்கியதும் வேறெந்த மொடியூலையும் இறக்குமதி செய்வதற்கு முன்னர் அதை அழையுங்கள். பைதன் 3.8 முதல் பேசிக்கொன்ஃபிக்குக்கு ஃபோர்ஸ் என்ற தெரிவு உண்டு. அதை உண்மை என்று கொடுத்தால் முன்பிருந்த ஹேண்ட்லர்களை அகற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும். இருந்தாலும் ஃபோர்ஸை நிரந்தர மருந்தாகப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. யார் முன்னே ஹேண்ட்லரைப் பொருத்தினார்கள் என்பது தெரியாமலேயே அது பிரச்சினையை மூடிவிடும்.

இனி நிறுவலைப் பற்றிச் சொல்கிறேன். இதில் நீங்கள் செய்தது பெரும்பாலும் சரி. கணினியின் பொதுப் பைதனுக்குள் நிறுவாமல், இந்தத் திட்டத்துக்கென்று வென்வ் என்ற தனிப் பைதன் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பிப் என்ற நிறுவல் கருவி மூலம் அவலாரா பொதியை நிறுவுங்கள். தேவையான பொதிகளைப் பட்டியலிடும் ரிக்குவயர்மென்ட்ஸ் கோப்பில் பதிப்பு எண்ணை இரட்டைச் சமக்குறி (==) இட்டு முழுமையாக எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு மடிக்கணினியில் நிறுவும்போது வேறொரு பதிப்பு வந்து உட்காருவதை, பணத்தைத் தொடும் மென்பொருளில் அனுமதிக்கக் கூடாது.

சேவையோடு பேசும் கிளையண்டை உருவாக்கும்போது செயலியின் பெயர், பதிப்பு, கணினியின் பெயர், சூழல் என்ற நான்கையும் கேட்கும். நீங்கள் பதிப்பு என்ற இடத்தில் "டெஸ்ட்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த விவரங்கள் ஒவ்வொரு வேண்டுகோளின் தலைப்பிலும் செல்கின்றன. ஆகவே உங்கள் நிரலின் உண்மையான பதிப்பு எண்ணையே கொடுங்கள். கணக்கு எண்ணும் உரிமச் சாவியும் நிரலுக்குள் இருக்கக் கூடாது. அவற்றைச் சூழல் மாறிகளிலிருந்து வாசித்துக் கிளையண்டுக்குக் கொடுங்கள். சாண்ட்பொக்ஸின் சாவி உண்மைச் சூழலில் வேலை செய்யாது. உண்மைச் சூழலின் சாவி சாண்ட்பொக்ஸில் வேலை செய்யாது. வரிக் கணிப்புக்குச் செல்வதற்கு முன்னர் இணைப்பைச் சோதிக்கும் பிங் அழைப்பைச் செய்து பாருங்கள். இதில் பலர் ஏமாறுகிறார்கள்: சாவி பிழையாக இருந்தாலும் பிங் வெற்றிகரமாகப் பதிலளிக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது நிலைக் குறியீட்டை (வேண்டுகோள் வெற்றியா தோல்வியா என்று சேர்வர் தரும் எண்) அன்று. பதிலுக்குள் இருக்கும் "அங்கீகரிக்கப்பட்டது" என்ற பெறுமதி உண்மையா பொய்யா என்பதைத்தான். அந்தப் பெறுமதியை லொக்கில் முதலாவது பதிவாக எழுதுங்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். இந்த லைப்ரரி உள்ளே, இணைய வேண்டுகோள்களை அனுப்பும் ரிக்குவெஸ்ட்ஸ் பொதியைப் பயன்படுத்தி, அதன் பதிலை அப்படியே உங்கள் கையில் தருகிறது. சேர்வர் 400 அல்லது 401 என்று மறுத்தாலும் பைதனில் விதிவிலக்கு (நிரலை நிறுத்தும் பிழை) எழாது. நிலைக் குறியீட்டை நீங்களே பார்க்காவிட்டால், மறுக்கப்பட்ட வேண்டுகோளை வரியற்ற கட்டளை (ஓர்டர்) என்று உங்கள் தளம் எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. காலவரம்பு கொடுக்காத ரிக்குவெஸ்ட்ஸ் அழைப்பு முடிவின்றிக் காத்திருக்கக்கூடியது என்பதால், கிளையண்டை உருவாக்கும்போதே காலவரம்பையும் கொடுத்துவிடுங்கள்.

லொக்கில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி. லைப்ரரி தானாக எழுதித் தருவதை நம்பியிருக்க வேண்டாம். ரிக்குவெஸ்ட்ஸுக்கு உள்ளே இயங்கும் யூஆர்எல்லிப்3 என்ற லொகரின் நிலையை டிபக் (மிக விரிவாக எழுதும் நிலை) ஆக்கினால், எந்த முகவரிக்கு எந்த முறையில் வேண்டுகோள் சென்றது, என்ன நிலைக் குறியீடு வந்தது என்பவை தெரியும். சாண்ட்பொக்ஸுக்குப் போக வேண்டியது உண்மைச் சேர்வருக்குப் போகிறதா என்பதைக் கண்டறிய அது போதும். ஆனால் என்ன தொகைக்கு, எந்தத் திகதிக்கு, எந்த மாகாணத்துக்கு வரி கேட்டோம் என்பது அதில் இராது.

அதைப் பார்ப்பதற்காக எச்டிடிபி.கிளையண்ட் மொடியூலின் டிபக்லெவலை 1 ஆக்கும்படி யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். தயவுசெய்து சேர்வரில் அதைச் செய்யாதீர்கள். அது வேண்டுகோளின் எல்லாத் தலைப்புகளையும் திரையில் அச்சிடும். அவற்றுள் ஒதரைசேஷன் தலைப்பும் ஒன்று. கணக்கு எண்ணும் உரிமச் சாவியும் அதில் பேஸ்64 வடிவில் இருக்கின்றன. பார்ப்பதற்கு மறைகுறியாக்கம் போலத் தோன்றினாலும் பேஸ்64 வெறும் எழுத்து மாற்றம்தான். எவரும் ஒரு நொடியில் திருப்பி வாசித்துவிடலாம். திரை வெளியீட்டைக் கோப்பில் சேமிக்கும் சேர்வராக இருந்தால், கடைக்காரரின் சாவி அந்தக் கோப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஆகவே வரிக் கணிப்புக்கென்று உங்களுடைய ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதி, தளத்தின் மற்ற எல்லாப் பகுதிகளும் அதன் வழியாகவே லைப்ரரியைத் தொடும்படி செய்யுங்கள். அந்த ஃபங்ஷன் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பதிவை இன்ஃபோ நிலையில் எழுத வேண்டும். என்னுடைய பதிவுகள் ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்:

"கட்டளை 1047 | வகை: விற்பனைப் பற்றுச்சீட்டு | ஆவணத் திகதி 2025-03-31 | மாகாணம்: நோவா ஸ்கோஷியா | உருப்படிகள் 3 | வரிக்கு முன் 100.00 | வரி 15.00 | நிலை 201 | 840 மில்லிசெக்கன்"

இந்தப் பதிவில் ஆவணத் திகதி ஏன் இருக்கிறது என்பதை விளக்குகிறேன். நோவா ஸ்கோஷியாவின் எச்எஸ்டி (மத்திய, மாகாண வரிகள் இணைந்த விற்பனை வரி) 2025 ஏப்ரல் 1 முதல் 15 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. ஹலிஃபக்ஸில் இருக்கும் ஒருவர் மார்ச் 31 இரவு 10.30 மணிக்கு 100 டொலர் சேலையை வாங்கிப் பணமும் செலுத்தினால், அவர் 15 டொலர் வரி செலுத்த வேண்டும். அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் 1 காலை 7 மணி. உங்கள் சேர்வரின் கடிகாரம் இலங்கை நேரத்தில் இருந்து, ஆவணத் திகதியை அந்தக் கடிகாரத்திலிருந்து எடுத்தால், 14 டொலர்தான் கணிக்கப்படும். லைப்ரரி கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கும். நாம்தான் பிழையான திகதியைக் கேட்டிருப்போம். பதிவில் ஆவணத் திகதியும், அதற்கு முன்னால் லொக் எழுதப்பட்ட நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் இருந்தால், இந்தப் பிழை ஒரு பார்வையில் தெரிந்துவிடும். லொக்கிங் மொடியூல் இயல்பாகக் கணினியின் உள்ளூர் நேரத்தையே எழுதும்; பதிவின் வடிவத்தை அமைக்கும் ஃபோர்மேட்டரின் கொன்வேர்ட்டர் என்ற இடத்தில் ஜிஎம்டைம் ஃபங்ஷனைக் கொடுத்தால் அது யூடிசிக்கு மாறும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஓர் அனுபவம் காரணம். இலங்கையின் பெறுமதி சேர் வரி 2019 டிசம்பர் 1 இல் 8 சதவீதமாகக் குறைந்தது. 2022 ஜூன் 1 இல் 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பர் 1 இல் 15 ஆகவும், 2024 ஜனவரி 1 இல் 18 ஆகவும் உயர்ந்தது. அந்த 2024 ஜனவரியில், யாழ் நகரில் ஒரு கடையின் பற்றுச்சீட்டு மென்பொருளை நான் பராமரித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் 40,000 ரூபாய்க்கு விற்ற ஒரு பட்டுச் சேலை ஜனவரியில் திரும்பி வந்தது. விற்றபோது அறவிட்ட வரி 6,000 ரூபாய்; திருப்பிக் கொடுக்கும் சீட்டில் மென்பொருள் போட்ட வரி 7,200 ரூபாய். மூல விற்பனையின் திகதியை விட்டுவிட்டு அன்றைய திகதியின் வரி வீதத்தை அது எடுத்திருந்தது. லொக் கோப்பைத் திறந்தபோது "வரி கணிக்கப்பட்டது" என்ற சொற்கள் நூற்றுக்கணக்கான தடவை இருந்தன. எந்தத் திகதி, எந்த வீதம் என்பது ஒன்றிலும் இல்லை. எத்தனை சீட்டுகள் இவ்வாறு பிழைத்தன என்பதைக் கண்டறிய, கடையின் பின்னறையில் அட்டைப்பெட்டியில் கிடந்த பற்றுச்சீட்டுப் பிரதிகளை இரண்டு நாட்கள் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருந்தது. திரும்பி வரும் பொருட்களுக்கு மூல விற்பனையின் திகதியையே வரித் திகதியாகக் கொடுக்கும் வசதி அவாடக்ஸில் உண்டு. அதைப் பயன்படுத்தும்போது அந்தத் திகதியையும் பதிவில் சேருங்கள்.

ஆவண வகையை எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வகையைக் குறிப்பிடாமல் அனுப்பினால் அவாடக்ஸ் அதை விற்பனைக் கட்டளையாக, அதாவது வெறும் விலைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளும். தொகையைக் கணித்துச் சொல்லும், ஆனால் எதையும் சேமிக்காது. கூடைப் பக்கத்துக்கு அதுவே பொருத்தமானது. பணம் செலுத்தப்பட்ட பின்னர் விற்பனைப் பற்றுச்சீட்டு வகையில் அனுப்ப வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் தளத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். வரி அறிக்கை தயாரிக்கும் நாளில்தான் அவாடக்ஸில் ஒரு விற்பனையும் பதிவாகவில்லை என்பது தெரியவரும். அத்தோடு ஆவணக் குறியீட்டை வெறுமையாக விடாமல் உங்கள் சொந்தப் பற்றுச்சீட்டு எண்ணையே கொடுங்கள். வெறுமையாக விட்டால் சேவை ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு ஒன்றை உருவாக்கும். இணைப்பு அறுந்து நீங்கள் மறுபடி அனுப்பும்போது ஒரே விற்பனை இரண்டு ஆவணங்களாகிவிடும்.

ஒவ்வொரு உருப்படியின் வரிக் குறியீட்டையும், அதற்கு வந்த வரியையும் டிபக் நிலையில் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய மாதிரியில் எல்லாப் பொருட்களுக்கும் பி0000000 என்ற பொதுக் குறியீட்டைப் போட்டிருக்கிறீர்கள். அது பொதுவான தொட்டுணரக்கூடிய பொருள் என்று அர்த்தப்படும். ஒன்ராறியோவில் பனையோலைப் பெட்டிக்கு 13 சதவீத எச்எஸ்டி சரிதான். ஆனால் ஒடியல் மா அடிப்படை உணவு வகையைச் சேர்ந்தது, அதற்குச் சுழிய வீதம். இப்போதுள்ள நிலையில் கூழ் காய்ச்ச மா வாங்குகிற ஒவ்வொருவரிடமும் செலுத்தத் தேவையில்லாத வரியைக் கடை அறவிடும். உணவுப் பொருட்களுக்குரிய குறியீடுகளை அவலாராவின் குறியீட்டுத் தேடலில் பார்த்துத் தெரிவு செய்து, கடைக்காரரின் கணக்காளரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இந்தத் தீர்மானம் நிரலாளருடையது அன்று.

தொகைகளை ஃபுளோட்டாக (தசமங்களைத் தோராயமாக வைக்கும் எண் வகை) வைத்திருக்கிறீர்கள்; அவற்றைத் துல்லியமாக வைக்கும் டெசிமலுக்கு மாற்றுங்கள். டெசிமலுக்கு மாறிய பின்னரும் ஒரு பொறி இருக்கிறது. 4.50 டொலர் பெட்டிகள் மூன்று, தனித்தனி உருப்படிகளாக, ஒன்ராறியோவுக்குச் செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு வரி 0.585. டெசிமலின் இயல்பான முழுதாக்கம் சரிபாதியை இரட்டை இலக்கத்தை நோக்கித் தள்ளும்; எனவே 0.58 ஆகி, மூன்றுக்கும் 1.74 வரும். கனடாவின் சட்டப்படி அரைச் சதமும் அதற்கு மேற்பட்டதும் ஒரு சதமாகக் கொள்ளப்படும்; அவ்வாறு முழுதாக்கினால் ஒன்றுக்கு 0.59, மூன்றுக்கும் 1.77. மொத்தம் 13.50 டொலருக்கு ஒரே தடவையில் கணித்தால் 1.755, அது 1.76 ஆகும். ஒரே கூடைக்கு மூன்று விடைகள். சேவை திருப்பித் தரும் தொகையையே பற்றுச்சீட்டில் அச்சிட வேண்டும். உங்கள் தளம் தன் பங்குக்கு மறுபடி கணிக்கக் கூடாது. கூடைப் பக்கத்தில் காட்டிய தொகைக்கும் இறுதித் தொகைக்கும் இடையே ஒரு சதம் வேறுபட்டாலும் வோர்னிங் நிலையில் ஒரு பதிவு எழுதும்படி செய்யுங்கள்.

ஆளுடைய விவரங்களில் கவனம் தேவை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஆளுடைய தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் வாடிக்கையாளரின் வீட்டு முகவரி லொக் கோப்பில் கிடக்க வேண்டிய தேவை இல்லை. கனடாவின் வரி வீதத்தைத் தீர்மானிப்பது மாகாணம் என்பதால், மாகாணமும் அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எழுத்துகளும் போதும். சாவி, மின்னஞ்சல், தொலைபேசி எண் ஆகியவற்றை மறைப்பதற்கு ஒரு ஃபில்ட்டர் எழுதுங்கள். அதை லொகரில் பொருத்தாமல் ஹேண்ட்லரில் பொருத்துங்கள். லொகரில் பொருத்திய ஃபில்ட்டர், கீழுள்ள லொகர்களிலிருந்து மேலேறி வரும் பதிவுகளைத் தொடாது. யூஆர்எல்லிப்3 எழுதுபவை அப்படியே கோப்புக்குள் போய்விடும்.

கோப்பைப் பொறுத்தவரை, எழுத்துக் குறிமுறையை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கொடுங்கள். உங்கள் பதிவுகளில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன; விண்டோஸில் இயல்பான குறிமுறை வேறாக இருந்தால் அந்தப் பதிவுகள் எழுதப்படாமல் பிழை எறியும். கோப்பு பெருகாமல் இருக்க, அளவு நிரம்பியதும் புதிய கோப்புக்குச் சுழலும் ரொட்டேட்டிங் ஹேண்ட்லரைப் பயன்படுத்தினால் அதிகபட்ச அளவையும் பழைய பிரதிகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். எண்ணிக்கையை மறந்தால் அது சுழியம் என்று கொள்ளப்பட்டு, கோப்பு ஒருபோதும் சுழலாது. சேர்வரில் நிரலின் பல புரொசஸ்கள் (இயங்கும் பிரதிகள்) ஓடும்போது எல்லாமே ஒரே கோப்பில் எழுதுவதைப் பைதன் ஆதரிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புக் கொடுங்கள், அல்லது திரைக்கு எழுதவிட்டு சேர்வரின் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் பகுதி) அதைச் சேகரிக்கும்படி விடுங்கள். உங்களுடைய அளவுக்கு இரண்டாவது வழியே இலகுவானது.

லொக் கோப்பை வரிப் பதிவேடாக நினைத்துவிடாதீர்கள். கனடாவில் வணிகப் பதிவேடுகளை, அவை சார்ந்த கடைசி வரி ஆண்டின் முடிவிலிருந்து 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். லொக் கோப்பு சுழன்று அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு விற்பனைக்கும் அனுப்பிய வேண்டுகோளையும் வந்த பதிலையும் தரவுத்தளத்தில், பற்றுச்சீட்டு எண்ணோடு சேர்த்துச் சேமியுங்கள். லொக்கை மூன்று மாதங்கள் வைத்திருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் சாண்ட்பொக்ஸில் மூன்று சோதனைகள் செய்து பாருங்கள். உரிமச் சாவியின் ஓர் எழுத்தை மாற்றி அனுப்புங்கள். 401 என்ற நிலை எரர் பதிவாக வர வேண்டும், சாவி அதில் தெரியக் கூடாது. ஒடியல் மாவையும் பனையோலைப் பெட்டியையும் ஒரே கூடையில் ஒன்ராறியோவுக்கு அனுப்புங்கள். மாவுக்குச் சுழியமும் பெட்டிக்கு 13 சதவீதமும் தனித்தனியே பதிவாக வேண்டும். பிறகு ஹலிஃபக்ஸ் முகவரிக்கு 2025 மார்ச் 31, ஏப்ரல் 1 என்ற இரண்டு ஆவணத் திகதிகளையும் கொடுத்து 100 டொலர் சேலையை அனுப்புங்கள், 15.00, 14.00 என்று இரு பதிவுகள் வர வேண்டும். இவற்றுள் எது வேறுபட்டாலும் அந்தப் பதிவையும் உங்கள் லொக் அமைப்புக் கோப்பையும், சாவியை நீக்கிவிட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.